முகத்துவாரத்தில் வெள்ளத் தடுப்பு, அதன்மேல் ரயில், அதிலேயே மின்சாரம்: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒத்துவருமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்மாய்க் கரைகளிலும் மதகுகளிலும் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் கேள்விகள் விடுவதாக இல்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் படகு வைத்திருக்கும் நண்பர்களும் டீக்கடையில் செய்தித்தாள் படிப்பவர்களும் ஒன்றையே கேட்கிறார்கள்: ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பெரிய தடுப்பைக் கட்டி, அதன் மேலேயே தண்டவாளம் போட்டு, அதிலிருந்தே மின்சாரமும் எடுத்தால் என்ன? வெளிநாட்டில் செய்கிறார்களாமே? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

இப்போது பேசப்படும் வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. லண்டனுக்குள் கடல்நீர் ஏறாமலிருக்க தேம்ஸ் ஆற்றின் குறுக்கே பெரிய கதவுகள் கொண்ட ஒரு தடுப்பு இருக்கிறது. 1984-இல் முறைப்படி திறந்தார்கள். கடல்மட்டம் உயர்ந்துகொண்டே போவதால் அது ஒருநாள் போதாமல் போகும் என்ற கவலையும் உண்டு. 2011-இல் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனமும் ஹால்குரோ என்ற பொறியியல் நிறுவனமும் சேர்ந்து 'தேம்ஸ் ஹப்' என்று ஒரு திட்டத்தை முன்வைத்தன. கழிமுகத்தில் புதிய தடுப்பு, அதில் ஓத மின்சாரம் (ஓதம் என்பது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது), லண்டனைச் சுற்றிச் செல்லும் ரயில் பாதை, இவற்றோடு ஒரு விமான நிலையம். எல்லாம் ஒரே வரைபடத்தில்.

அதைக் கட்டினார்களா?

இல்லை. அதன் மையமாக இருந்த விமான நிலைய யோசனையை 2014-இல் அங்குள்ள விமான நிலைய ஆணையம் ஒதுக்கிவிட்டது. செவெர்ன் கழிமுகத்தில் 16 கிலோமீட்டர் நீளத்தில் தடுப்பு கட்டி 8,640 மெகாவாட் எடுக்கலாம் என்ற இன்னொரு திட்டத்தையும் 2010-இல் அரசு தள்ளி வைத்தது.

மூன்றும் சேர்ந்த ஒன்று உலகில் எங்காவது ஓடுகிறதா?

இரண்டு இரண்டாகச் சேர்ந்தவை பல உண்டு. பிரான்சில் ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 1966 முதல் ஓத மின் நிலையம் ஓடுகிறது: 24 டர்பைன்கள், 240 மெகாவாட், மேலே சாலை. தென்கொரியாவில் சிஹ்வா என்ற இடத்தின் கதை வேறு. 1994-இல் கடலை மறித்து அணை கட்டினார்கள். உள்ளே சிக்கிய நீர் கெட்டு நாறியது. கடல்நீர் மறுபடி உள்ளே போய்வர வழி செய்தாக வேண்டிய கட்டாயத்தில், அந்த வழியிலேயே 2011-இல் 254 மெகாவாட் மின் நிலையத்தையும் அமைத்தார்கள். செய்த தவற்றைத் திருத்தப் போய்க் கிடைத்த மின்சாரம் அது.

ஆற்றின் குறுக்கே ஷட்டர்களும் ரயிலும் சேர்ந்திருப்பதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. கங்கையின் குறுக்கே 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணை மீது ரயிலும் ஓடுகிறது, சாலையும் இருக்கிறது. அந்த அணை வந்தபின் கடலிலிருந்து கங்கையில் ஏறி வந்த இல்சா மீன் மேல்பகுதிகளில் அரிதாகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் 1932-இல் முடித்த 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லாய்ட்டைக் அணையில் ரயிலுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தண்டவாளம் கடைசிவரை வரவில்லை. ஒதுக்கிய இடத்தைச் சாலை எடுத்துக்கொண்டது. சேர்த்துக் கட்டுவோம் என்று தொடங்கும் திட்டங்களில் இது அடிக்கடி நடக்கும்: யாருடைய பணம் முதலில் வருகிறதோ அவருடைய பகுதி எழும்பும், மற்றது வரைபடத்தோடு நின்றுவிடும்.

நம் கடலில் ஓத மின்சாரம் எடுக்க முடியுமா?

கேள்விகளிலேயே இதற்குத்தான் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடியும். முடியாது என்று சொல்லமாட்டேன், கட்டுப்படியாகாது.

ரான்ஸ் ஆற்றில் ஓதம் சராசரியாக 8 மீட்டர் ஏறி இறங்குகிறது. பாம்பன், மண்டபம் பக்கம் நம் கடல் ஏறி இறங்குவது பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. எட்டில் ஒரு பங்கு மின்சாரமாவது வருமே என்று நினைத்துவிட வேண்டாம். அடைத்து வைத்த நீரின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 8 மீட்டருக்கும் 1 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் 64 மடங்கு.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்காக: ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது 247 ஏக்கர் நீர்ப்பரப்பை அடைத்து வைத்து, முழுதாக ஒரு மீட்டர் ஏறிய நீரை வடிய விட்டால், இயற்பியல் தரக்கூடிய உச்ச அளவே சுமார் 1,400 யூனிட். நாளுக்கு இரண்டு ஓதம் என்றால் 2,800 யூனிட். டர்பைனில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. நீர் ஏறும்போதும் மின்சாரம் எடுக்கிறோம் என்று வாதிட்டால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், கவலையில்லை. அதே நேரம் நான்கைந்து ஏக்கர் தரிசில் 1 மெகாவாட் சூரியத் தகடுகளைப் பரப்பினால் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4,000 யூனிட் வந்துவிடும். 247 ஏக்கர் மீன் வளரும் நீரை அடைத்துப் பெறுவதைவிட ஐந்து ஏக்கர் சீமைக் கருவேலங்காட்டைச் சீர்செய்து பெறுவது அதிகம்.

பாம்பன் கால்வாயில் நீரோட்டம் இழுக்கிறதே, அதில் காற்றாலை போல ஒன்றைச் சுழலவிட்டால்?

இழுக்கும்தான். ஆனால் வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் ஒரு பக்கம் ஓடும், தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் காலத்தில் மறுபக்கம் திரும்பும், நடுவில் மந்தமாகும். நீரோட்டத்தின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும். படகுகள் போய்வரும் ஒடுங்கிய வாய் அது. சோதனைக்காக ஒன்றிரண்டு பொருத்திப் பார்ப்பதை நான் எதிர்க்கமாட்டேன், அதை நம்பி ஒரு திட்டம் போடுவதைத்தான் எதிர்ப்பேன்.

சரி, மின்சாரத்தை விடுங்கள். வெள்ளத்தைத் தடுக்கவாவது முகத்துவாரத்தில் தடுப்பு வேண்டாமா?

முதலில் நம் வெள்ளம் எது என்று பார்க்க வேண்டும். லண்டனும் நெதர்லாந்தும் பயப்படுவது கடலுக்கு. நமக்கு இரண்டு பக்கமும் பயம்.

கடல் பக்கத்துப் பயத்துக்கு 1964 டிசம்பர் 22 இரவு ஒன்றே போதும். தனுஷ்கோடி ஊர் போனது, பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு போனது. அந்த இரவில் கடல் ஏறிய உயரத்துக்கு ஆற்றின் வாயில் வைக்கும் கதவு எதுவும் உதவியிருக்காது. இரண்டு பக்கமும் கடலைக் கொண்ட மணல்திட்டில் எந்த வாயை மூடுவது?

நிலத்துப் பக்கத்துப் பயம் அடிக்கடி வருவது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று நீர் வானத்திலிருந்து வந்தது, கடலுக்குப் போக வழியில்லாமல் தெருவில் நின்றது. அப்படி ஒரு நாளில் கடலோரமாக நீளமான சுவர் ஒன்று இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

ஆறுகளைப் பாருங்கள். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலில் கலக்கமாட்டேன் என்று வைகை வைராக்கியமாக இருப்பதாகப் பழைய கதை உண்டு. உண்மையில் அதன் நீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேருகிறது, கண்மாய் நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் பாக் நீரிணையைத் தொடும். குண்டாறு மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது, கோட்டக்கரையாறு காரங்காட்டு அலையாத்திக் காட்டின் வழியே கடலடைகிறது. மூன்றும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் சில நாட்கள் மட்டும் சீறுபவை. முகத்துவாரம் மண் மேவிக் கிடக்கும். அந்தச் சில நாட்களில் வெள்ளமே மண்ணை அறுத்துக்கொண்டு வெளியேறும். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய் முடிந்தால் காவிரியின் வெள்ள உபரி இந்தப் பக்கமும் வரும். அப்போது மூக்கையூர் வாய் இன்னும் திறந்திருக்க வேண்டும்.

தேவைப்படும்போது மட்டும் மூடும் கதவு வைத்தால்?

அதற்கு நல்ல உதாரணம் நெதர்லாந்தின் கிழக்கு ஸ்கெல்ட் தடுப்பு. முழுதாக அடைத்துவிடத்தான் முதலில் திட்டமிட்டார்கள். சிப்பி வளர்ப்பவர்களும் மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் போராடினார்கள். திட்டம் மாறியது. 1986-இல் திறந்த அந்தத் தடுப்பில் 62 எஃகுக் கதவுகள், புயல் வரும்போது மட்டும் இறங்கும், மற்ற நாட்களில் ஓதம் போய்வரும். பிற்பாடு ஒரு திறப்பில் சிறிய டர்பைன்களையும் பொருத்தினார்கள்.

கேரளத்தில் தண்ணீர்முக்கம் தடுப்பு நேரெதிர்ப் பாடம். குட்டநாட்டு வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமலிருக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே 1970-களில் கட்டியது. நெல்லுக்கு உதவியது. உள்ளே நீர் தேங்கி அழுக்கேறியது, ஆகாயத்தாமரை மண்டியது, மீனும் இறாலும் காயலுக்குள் ஏறி வரும் பாதை அடைபட்டது. திறக்கும் தேதியைப் பற்றி விவசாயிக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் இழுபறி.

நம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு, அதை எந்த வரைபடமும் காட்டாது. பணியில் இருந்தபோது ஒரு கடலோரக் கிராமத்தில் உப்புநீர் ஏறாமல் தடுக்கப் போட்ட சிறிய ஷட்டர் ஒன்றைப் பார்க்கப் போனேன். வைத்து அதிக காலம் ஆகவில்லை. உப்புக்காற்றில் துருவேறி, பாதியில் நின்றபடி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. திருகும் கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். கடைசியில் ஊர்க்காரர்கள் பக்கத்துக் கரையை மண்வெட்டியால் வெட்டித்தான் மழைநீரை வெளியேற்றினார்கள். ஒரு ஆள் உயரக் கதவுக்கே இந்தப் பாடு.

ரயிலை ஏன் இதில் சேர்க்க வேண்டும்?

ரயில் ஏற்கெனவே இதில் சேர்ந்துதான் இருக்கிறது. யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

மானாமதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று வரும் பாதை சமதரையில் மண்கரை போட்டு அமைந்தது. ரயில் கரை என்பது வெள்ள நாளில் ஒரு கண்மாய்க் கரை. அதில் போதுமான வாய் இருந்தால் நீர் போகும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஊர் மூழ்கும், மறுபக்கம் வயல் காயும். ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குக் கடலோர ரயில் பாதை வேண்டும் என்பது பல காலக் கோரிக்கை. நானும் அதை விரும்புகிறவன்தான். ஆனால் அது வந்தால் மேற்கிலிருந்து கடலுக்கு ஓடும் ஒவ்வொரு ஓடையையும் வரத்துக் கால்வாயையும் குறுக்கே வெட்டும். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தப் பாதைதான் இந்தக் கடற்கரையின் மிகப் பெரிய வெள்ளக் கட்டுமானமாக இருக்கும். அதை ரயில்வேயின் தனி வேலை என்று விட்டுவிடுவது தவறு.

நம் முன்னோருக்கு இது தெரியும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். பெருமை கரையின் நீளத்துக்கு என்று நினைக்கிறோம், பெயரில் எண்ணிச் சொல்வது மடைகளை. மிஞ்சும் நீருக்குக் கலுங்கு தனி. கரை நீள நீள வாய்களும் பெருக வேண்டும். ரயில் கரைக்கும் அதே கணக்குத்தான்: தாழ்ந்த இடங்களில் மண்கரையை விட்டுவிட்டுத் தூண்கள் மேல் பாதையைக் கொண்டுபோக வேண்டும். செலவு கூடும். ஒவ்வொரு கார்த்திகையிலும் பாதை அறுந்து அடைக்கும் செலவையும் அதன் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கடல் தடுப்புச் சுவர் மேலேயே ரயிலைப் போட்டால் ஒரே செலவில் முடியாதா?

இங்கிலாந்தில் டாலிஷ் என்ற ஊரில் அப்படித்தான் இருக்கிறது. 2014 பிப்ரவரி புயலில் கடற்சுவர் இடிந்து தண்டவாளம் அந்தரத்தில் ஊஞ்சலாடியது. அந்தத் தென்மேற்குப் பகுதிக்கு ரயில் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. சுவரும் பாதையும் ஒன்றானால் விழும்போதும் ஒன்றாகவே விழும்.

பாம்பன் பாலம் மட்டும் எப்படி நூறு ஆண்டு நின்றது?

நீரை மறிக்காததால். 1914-இல் திறந்த பழைய பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 145 கண்கள். கடல் கீழே போய்வரலாம், படகு வந்தால் நடுப்பகுதி திறக்கும். 1964 புயலில் கர்டர்கள் பெரும்பாலும் போயின, தூண்கள் நின்றன. அதனால்தான் 46 நாளில் மறுபடி ரயில் ஓட முடிந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடும் இருந்தது. இயற்கையோடு மல்லுக்கு நிற்காமல் ஒதுங்கி நிற்கும் அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலே எழும்புகிறது. அடிப்படை அதேதான்: கடலுக்கும் வழி, படகுக்கும் வழி.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் போகுமா?

2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். அங்கே 2025-இல் பூநாரைச் சரணாலயமும் அறிவித்துவிட்டார்கள், பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அப்படியானால் பசுமை மின்சாரம் எங்கிருந்து?

வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும். கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது, தொடங்கியபோது ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. ரயிலோடு சேர்ப்பது என்றால், மத்தியப் பிரதேசத்தின் பீனாவில் 2020-இல் 1.7 மெகாவாட் சூரிய மின்சாரத்தை நேரடியாக 25 கிலோவோல்ட் ரயில் மின்தடத்தில் செலுத்திக் காட்டியிருக்கிறார்கள். வாராணசியில் 2025-இல் 70 மீட்டர் தூரத்துக்குத் தண்டவாளங்களுக்கு நடுவிலேயே தகடுகளைப் பதித்தார்கள். நம் உப்புக்காற்றிலும் மணல் வீச்சிலும் அவற்றைத் தினமும் துடைக்க யார் வருவார் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

கடலில் காற்றாலை நிறுவுவதற்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது, தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட். மன்னார் வளைகுடாவில் காற்று தாராளம். பவளத்திட்டுகளும் 21 தீவுகளும் கொண்ட கடல் தேசியப் பூங்காவும் அங்கேயேதான் இருக்கிறது.

கண்மாயில் தகடுகளை மிதக்கவிடலாமா என்றும் கேட்கிறார்கள். பாதி ஆண்டு தரை தெரியும் கண்மாயில் எதை மிதக்கவிடுவது? சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் பறவைகளுக்காக ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றவை, அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

கடலரிப்புக்கு என்ன வழி? தூண்டில் வளைவு போதாதா?

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு, போட்ட ஊரில் மணல் சேரும், அடுத்த ஊரில் அரிக்கும். எங்கும் பார்க்கிற கதை. பவளப்பாறையும் அலையாத்தியும் யாரும் சம்பளம் தராமலே வேலை செய்யும் அலைத்தடுப்புகள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், நீருக்குள் போய்விட்டன. காரங்காட்டு அலையாத்தி வளர ஓதமும் வேண்டும், ஆற்றின் நன்னீரும் வேண்டும். முகத்துவாரத்தை அடைத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் பறித்தவர்களாவோம்.

மீனவர்கள் எதிர்ப்பார்களா?

அவர்களைக் கடைசியில் கேட்டால் எதிர்ப்பார்கள். நாட்டுப்படகு எங்கே நுழைகிறது, இறால் குஞ்சு எந்த மாதம் கழிக்குள் ஏறுகிறது, பாசி எடுக்கும் பெண்கள் எந்த வழியாகக் கடலுக்குள் இறங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். கிழக்கு ஸ்கெல்ட் கதவுகளாக மாறியதே அப்படித்தான்.

எங்கள் ஊர் வழியாகப் பாதைக்கோ தடுப்புக்கோ அளவெடுக்க வந்தால் என்ன கேட்க வேண்டும்?

எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள். 2024 நவம்பர் மழையைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். உங்கள் ஊர் எல்லைக்குள் கரையில் எத்தனை வாய்கள், ஒவ்வொன்றின் அகலம் என்ன, அது எந்த ஓடைக்கு நேராக வருகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓடையின் பழைய போக்கைத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கதவு ஏதாவது வைப்பதாகச் சொன்னால் இன்னொன்றும் கேளுங்கள்: கார்த்திகை மாத நடுராத்திரியில், மின்சாரமும் போன் சிக்னலும் இல்லாத நேரத்தில், அதைத் திறக்கும் கைப்பிடி யார் வீட்டில் இருக்கும்?